காட்டுக்குள் மாணவர், கோடாரியோடு ஒரு குடும்பம்: ஸ்லாஷர் படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளோடு பழகுகிறவன் நான். அவர்கள் கொண்டுவரும் கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். கம்பஸ் மாணவர் சிலர் வான் வண்டி ஒன்றில் போகிறார்கள், வழி தவறுகிறது, காட்டுக்குள் மனிதரைத் தின்னும் ஒரு குடும்பம் அவர்களை ஒவ்வொருவராக வேட்டையாடுகிறது. கையில் காசு குறைவு, ஆசை நிறைய. இந்த வகைப் படங்கள் எனக்கும் பிடிக்கும். அதனால்தான் நேரம் எடுத்து இதை எழுதினேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன.

சேர், ஸ்லாஷர் எண்டா என்ன? பேய்ப் படந்தானே?

இல்லை. பேய்ப் படத்தில் கொல்வது ஆவி. ஸ்லாஷரில் கொல்வது மனிதன், கத்தி, கோடாரி, வாள் மாதிரி கையில் பிடிக்கும் ஆயுதத்தோடு. ஒரு கூட்டத்தை ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டு வருவான். கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். மந்திரம், தகடு, பூசாரி எதுவும் உதவாது. ஓட வேண்டும், ஒளிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்து அடிக்க வேண்டும்.

அதில் ஒரு கிளைதான் காட்டுக் குடும்பக் கதை. அங்கே கொலைகாரன் தனி ஆள் இல்லை. அப்பன், அண்ணன், தம்பி, கிழவன் என்று ஒரு வீடே சேர்ந்து கொல்லும். அந்த வீட்டுக்கும் ஒரு ஒழுங்கு, ஒரு சாப்பாட்டு நேரம் இருப்பதுதான் பார்க்கிறவரை உலுக்கும்.

ஏன் எப்பவும் மாணவரையே கொல்லுறாங்க?

முதற்காரணம் காசு. இளம் நடிகர்கள் பெயர் தெரியாதவர்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள். படம் பார்க்க வருகிறவர்களும் அதே வயதுக்காரர். அதோடு, பெற்றோர் இல்லாமல் ஒரு கூட்டம் தூரமாகப் போவதற்கு மாணவர் என்றால் தனியாகக் காரணம் சொல்லத் தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. படித்தவர்கள், ஊர் உலகம் தெரியும் என்று நினைக்கிறவர்கள், வழி கேட்கக்கூட விரும்பாதவர்கள் ஒரு இடத்துக்குள் நுழைகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கதையின் பயம் அந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பிள்ளை படுவான்கரையின் உள்ளூர் ஒன்றுக்கு முதன்முதல் போகும்போது தன் பேச்சும் உடுப்பும் வேறாகத் தெரிவதை உணர்ந்திருக்கும். அந்த உணர்விலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

டெக்சாஸ் படம் உண்மைக் கதைதானே? தொடக்கத்தில எழுத்துப் போட்டு வாசிக்கிறாங்களே.

'தி டெக்சாஸ் செயின் சோ மசாக்கர்' 1974இல் வந்தது. இயக்கியவர் டோப் ஹூப்பர், அவரோடு சேர்ந்து எழுதியவர் கிம் ஹென்கல். வழியில் மாட்டிய இளைஞரைத் தோல் முகமூடி போட்ட ஒருவனும் அவன் குடும்பமும் கொல்லும் கதை. தொடக்கத்தில் சொல்லப்படும் அந்தச் சம்பவம் நடக்கவே இல்லை. படம் சொல்லும் நாள் 1973 ஓகஸ்ட் 18. படப்பிடிப்பும் அதே 1973 கோடையில்தான் நடந்தது.

எட் கீன் என்ற உண்மை மனிதனின் சாயல் மட்டும் அதில் உண்டு. அவன் டெக்சாஸ்காரன் இல்லை, விஸ்கொன்சின் மாநிலத்தவன். 1957இல் பிடிபட்டான். இரண்டு பெண்களைக் கொன்றான். புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எடுத்து, தோலிலும் எலும்பிலும் பொருட்கள் செய்து வைத்திருந்தான். மரம் அறுக்கும் இயந்திர வாளான செயின் சோ அவன் கையில் இருக்கவில்லை, மனித இறைச்சி தின்றான் என்று நிரூபிக்கப்படவும் இல்லை. தோல் முகமூடியும் எலும்புத் தளபாடமும் அவனிடமிருந்து வந்தவை, மீதி கற்பனை. உங்கள் படத்தின் தொடக்கத்திலும் 'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஏன் என்பதை யுத்தம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அப்ப மனிசனை மனிசன் தின்னுறது முழுக்கக் கற்பனையா?

அப்படியும் இல்லை. ஆனால் உண்மையில் நடந்தவை இந்தப் படங்களைப் போல இல்லை. 1972இல் உருகுவேயின் றக்பி அணியினர் போன விமானம் அந்தீஸ் மலையில் விழுந்தது. 45 பேரில் 16 பேர் 72 நாளுக்குப் பின் உயிரோடு மீண்டார்கள். பனிக்குள் வேறு உணவில்லாமல், இறந்துபோன நண்பர்களின் உடலை உண்டே பிழைத்தார்கள். பப்புவா நியூகினியின் ஃபோரே மக்கள் இறந்த உறவினரின் உடலைத் துக்கச் சடங்காக உண்டார்கள். அதனால் குரு என்ற மூளை நோய் அவர்களிடையே பரவியது. அந்த வழக்கம் நின்றபின் நோயும் படிப்படியாக மறைந்தது. முதலாவது பசி, இரண்டாவது துக்கம். வழிப்போக்கரை வேட்டையாடும் கதை இரண்டிலும் இல்லை.

வேட்டையாடும் குடும்பம் என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் ஸ்கொட்லாந்தின் சோனி பீன் கதை. கடற்கரைக் குகையில் ஒரு பெரிய குடும்பம் வழிப்போக்கரைக் கொன்று தின்றதாக மலிவு விலைச் சிறுநூல்களில் அச்சாகிப் பரவியது. அப்படி ஒருவன் இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வெஸ் கிரேவன் 1977இல் எடுத்த 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' படத்துக்கு அந்தக் கதைதான் தூண்டுதல்.

எவ்வளவு காசில எடுத்தாங்க? எங்களால ஏலுமா?

டெக்சாஸ் படத்தின் செலவு 140,000 டொலருக்குள் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் மட்டும் 30 மில்லியன் டொலருக்கு மேல் உழைத்தது. 16 மில்லிமீற்றர் ஃபிலிமில் எடுத்துப் பெரிதாக்கினார்கள். அந்தச் சொரசொரப்புத்தான் இன்றைக்கும் அதை ஒரு செய்திப்படம் போலக் காட்டுகிறது. 1978இல் வந்த 'ஹலோவீன்' படத்தின் முகமூடி கடையில் 2 டொலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளை பூசியது. ஆக, உங்கள் கையிலிருக்கும் போன் குறையே இல்லை. ஒரு வீடு, ஒரு வாகனம், ஏழெட்டுப் பேர், பகல் வெயில் போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் எடுத்தால் வியர்வைக்கு மேக்கப் தேவைப்படாது.

டெக்சாஸ் படக்குழுவிடமிருந்து எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கொலைகாரக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சியைக் கறுப்புத் துணி கட்டிய அறைக்குள் 26 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தார்கள், கடும் வெக்கையிலும் அழுகிய இறைச்சியின் நாற்றத்திலும். முகமூடிக்காரனாக நடித்த கன்னர் ஹான்சன் படம் முடியும்வரை தோய்க்காத ஒரே சட்டையோடு நின்றார். பொய் இரத்தம் வரும் குழாய் அடைத்துக்கொண்டதால் நாயகி மரிலின் பேர்ன்ஸின் விரலை உண்மையாகவே வெட்டினார்கள். இதையெல்லாம் அர்ப்பணிப்பு என்று சிலர் புகழ்கிறார்கள். நான் புகழமாட்டேன். உங்கள் படத்தில் உண்மையான கூர் உள்ள ஒரு பொருளும் நடிகருக்குக் கிட்ட வரக்கூடாது. கோடாரியை ரெஜிபோமில் வெட்டி வெள்ளி நிறம் பூசுங்கள்.

ரத்தம் எப்படிச் செய்யிறது? இறைச்சிக் கடையில வாங்கலாமா?

வாங்கவே வேண்டாம். அழுகும், நாறும், நோய் தரும், நடிகர் வாயில் படும். சீனியைத் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்குங்கள். சிவப்புக் கலரிங் கலந்து, கொஞ்சம் கொக்கோத் தூள் போட்டால் நிறம் உண்மைக்குக் கிட்ட வரும். கொக்கோ போடாவிட்டால் சர்பத் மாதிரித் தெரியும். தடிப்பு வேண்டுமென்றால் சோளமாவைக் கரைத்து விடலாம். கறுப்பு வெள்ளைப் படமான 'சைக்கோ'வில், 1960இல், சொக்லெட் பாகையே இரத்தமாகக் காட்டினார்கள்.

உடுப்பில் இரண்டு சோடி ஒரே மாதிரி வாங்கி வையுங்கள். கறை போகாது. எறும்பு வரும், ஆகவே நிலத்தில் படுக்கும் காட்சியை முதலில் எடுத்து முடியுங்கள்.

ரத்தம் குறைஞ்சா படம் சப்பெண்டு போகாதா அண்ணே?

டெக்சாஸ் படத்தைத் திரும்பப் பாருங்கள், இரத்தத்தை எண்ணிக்கொண்டு. ஆச்சரியப்படுவீர்கள். இறைச்சிக் கொக்கியில் ஒரு பெண்ணை மாட்டும் காட்சியில் கொக்கி உடலுக்குள் போவது காட்டப்படுவதே இல்லை. குறைந்த வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் கிடைக்கும் என்றுகூட ஹூப்பர் நம்பியிருந்தார். கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் 1999இல்தான் வெட்டில்லாமல் அனுமதித்தார்கள். காட்டாததையும் பார்த்ததாக மக்கள் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது ஒலி.

இங்கேதான் உங்களுக்கு அவர்களைவிடக் கூடுதலான வசதி இருக்கிறது. வயல்வெளியில் இரவு ஆக்காட்டி கத்தினால் யாரோ நடக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரையில் ஒன்றும் தெரியவேண்டாம். மாணவர் வாடிக்குள் படுத்திருக்கிறார்கள், தூரத்தில் ஆக்காட்டி கத்துகிறது, நிற்கிறது, கொஞ்சம் கிட்டக் கத்துகிறது. மாணவருக்கு அது வெறும் பறவை. பார்க்கிற எங்கள் சனத்துக்கு முதுகு சில்லிடும். குளத்துத் தவளைச் சத்தம் திடீரென்று நிற்பதும் அப்படித்தான்.

இசைக்கும் வெளியே போகத் தேவையில்லை. டெக்சாஸ் படத்தில் பாட்டு மெட்டுப் போல ஒன்றும் இல்லை, உலோகத்தைத் தட்டியும் உரசியும் எழுப்பிய ஒலிகள்தான் நிறைய. கூத்துக்கார அண்ணாவி ஒருவரிடம் போய் மத்தளத்தையும் சல்லரியையும் தாளக்கட்டில்லாமல், இடைவெளி விட்டு அடித்துத் தரச் சொல்லிப் பதியுங்கள். சல்லரியின் விளிம்பை மெதுவாக உரசும் சத்தத்தைக் கேட்டபின் இணையத்தில் இலவச இசை தேடமாட்டீர்கள். அவருக்குரிய காசைக் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

கையில போன் இரிக்கிற காலத்தில வழி தவறுறதை ஆரு நம்புவான்?

'சிக்னல் இல்லை' என்று ஒரு வசனம் போட்டுக் கடந்துபோவது சோம்பல். போன் வேலை செய்யட்டும். அழைப்பும் போகட்டும். மறுபக்கத்தில் எடுக்கிறவர் 'எங்க நிக்கிறீங்க?' என்று கேட்கிறார். இவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த இடத்தின் பெயரை அவர்கள் கேட்டு வைக்கவேயில்லை. இரண்டாவது பதிலில் சொன்ன இடைவெளி இங்கே உயிரை எடுக்கிறது.

கடைசியில ஒரு பொம்புளப் பிள்ளைதான் தப்பணுமா?

கட்டாயமில்லை. அமெரிக்க ஸ்லாஷர்களில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை கெரோல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987இல் எழுதிப் பிரபலமாக்கினார். கவனமாக இருக்கும், சுற்றியுள்ளதை உற்றுப் பார்க்கும் பெண்தான் மிஞ்சுவாள் என்பது அந்த அமைப்பு. நல்ல அமைப்பு. ஆனால் 'ஒழுக்கமான' பெண் தப்புவாள், மற்றவள் சாவாள் என்று எழுதாதீர்கள். அந்தத் தீர்ப்பை எங்கள் ஊரில் ஒவ்வொரு மதிலும் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விசயம். நடிக்கவரும் பிள்ளையின் தாய் தகப்பனிடம் முதலிலேயே கதையை முழுதாகச் சொல்லுங்கள். இரவுக் காட்சியை மைம்மல் நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு எடிட்டிங்கில் இருட்டாக்கலாம். ஏழு மணிக்குள் பிள்ளை வீட்டில் இருக்கும்.

எங்க எடுக்கலாம்? கல்லோயாக் காட்டுக்க போவமா?

கல்லோயா 1954இலிருந்து தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கமராவோடு உள்ளே போகமுடியாது. மற்றக் காடுகளுக்கும் வனத் திணைக்களத்திடம் கேட்கவேண்டும். அனுமதி கிடைத்தாலும் யானை உங்களுடைய கடிதத்தை வாசிக்காது. வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் பொழுதுபட்டபின் வெளியில் நிற்பது எப்படிப்பட்டது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள்.

காடு வேண்டுமென்று காட்டுக்குப் போகவேண்டியதில்லை. மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் கமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் முடிவில்லாத காடு. 'ரோங் டேர்ன்' 2003இல் வந்தபோது கதை மேற்கு வேர்ஜீனியாவில், எடுத்தது கனடாவின் ஒன்ராறியோவில்.

முகமூடி போட்டு இரவில ஓடுற சீன் எடுத்தா பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் பெண்களைத் தாக்குவதாகக் கிழக்கு முழுவதும் பரவிய பயத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆண்கள் பொல்லோடு இரவிரவாகக் காவல் இருந்தார்கள், சந்தேகத்தில் ஆட்கள் அடிபட்டார்கள், படையினரோடும் பொலிசாரோடும் மோதல் வந்தது. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆகவே கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்க் கதையைச் சொல்லிவிட்டு வாருங்கள். முகமூடியைப் படம் எடுக்கும் இடத்தில் போட்டு அங்கேயே கழற்றவேண்டும். ஓட்டோவில் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

கொலைகாரக் குடும்பத்தை வேடரெண்டு வைக்கலாமா? காட்டில இரிக்கிறவங்கதானே.

கூடாது. இந்தப் பக்கத்தை எழுதியதே பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான்.

வாகரைப் பக்கம் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுகிறவர்கள். மீன்பிடிப்பார்கள், சேனை செய்வார்கள், தேன் எடுப்பார்கள், குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்வார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்களோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். உள்நாட்டு வேடரின் வேட்டை நிலங்களில் ஒரு பகுதி கல்லோயாத் திட்டத்தில் தண்ணீருக்குள் போனது, 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது இன்னொரு பகுதி அவர்களுக்கு அடைக்கப்பட்டது. இழந்தவர்கள் அவர்கள். அவர்களை மனிதரைத் தின்பவராகத் திரையில் காட்டினால் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று யோசியுங்கள்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச் சனத்தைப் பல்லில்லாத, அறிவில்லாத கொலைகாரராகக் காட்டிக்காட்டியே அந்த மக்கள்மீது ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அமேசனுக்குப் போன மாணவரைப் பழங்குடியினர் தின்பதாக 2013இல் எடுத்த 'தி கிரீன் இன்ஃபேர்னோ' படத்தைப் பழங்குடி உரிமை அமைப்புகள் வெளிப்படையாகக் கண்டித்தன. 'ரோங் டேர்ன்' தொடரே 2021இல் புதிதாகத் தொடங்கியபோது மனிதரைத் தின்னும் விகார மனிதரைக் கைவிட்டு, உலகத்தை விட்டு விலகி மலையில் குடியேறிய ஒரு சமூகத்தை வைத்தது.

ஒரு கை இல்லாத ஆளா, முகம் கோணலான ஆளா வைச்சா பயம் கூடுமே?

மேலே சொன்னதேதான் பதில். எங்கள் மாவட்டங்களில் கை, கால் இழந்தவர்கள் எப்படி இழந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கொலைகாரன் அழகாக, சுத்தமாக, பண்பாகப் பேசுகிறவனாக இருக்கட்டும். 'தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க மகள்' என்று சொல்கிறவன் எந்த முகமூடியையும் விடப் பயங்கரமானவன்.

அப்ப ஆரைத்தான் வில்லனா வைக்கிறது?

டெக்சாஸ் குடும்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அவர்கள் மாடு அடிக்கும் தொழிலாளர். சுத்தியலால் மாட்டை அடித்த இடத்துக்கு அதைக் கொல்லும் காற்றழுத்தத் துப்பாக்கி வந்தபின் வேலை போனது. வழியில் ஏறும் பையன் அதைச் சொல்கிறான். தெரிந்த ஒரே தொழிலை வீட்டில் வைத்து மனிதர்மீது செய்கிறார்கள்.

எங்கள் கதையில் காட்டுக்குள் இருக்கிறவன் ஏழையாக இருக்கவேண்டிய தேவை என்ன? நகரத்திலிருந்து வந்து ஆற்று மண்ணைக் களவாக அள்ளிப் பணக்காரனான ஒரு குடும்பம். உள்ளே பெரிய வீடு, மதில், நாய்கள். மண்ணரிப்பைப் பற்றி ஒப்படைக்காக அளவெடுக்கப் போகும் புவியியல் மாணவர் அந்த மதிலுக்குள் மாட்டுகிறார்கள். வெளியில் அவர்களை எச்சரிக்கும் கிழவர் ஒரு வேடராக இருக்கலாம். மாணவர் அவர் பேச்சைக் கேட்காமல் போகிறார்கள். இந்த அமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

யுத்தம் பாத்த சனத்துக்கு இதைக் காட்டுறது சரியா சேர்?

இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. பயப்படம் பார்ப்பது சிலருக்கு ஆறுதல், கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் பயம் அது. சிலருக்கு அது பழைய இரவுகளைத் திறந்துவிடும். இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் சில எல்லைகளில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் வான் வண்டியில் ஏறிப் போய்த் திரும்பி வராத கதை இங்கே வெறும் கதை இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றும் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள். ஆகவே ஆட்களைக் கடத்திய நினைவைக் கிளப்பும் வெள்ளை வான் வேண்டாம். சீருடையும் முகாம் போன்ற இடமும் வேண்டாம். உண்மையில் கொலை நடந்த ஊரின் பெயரை வைக்கக்கூடாது. 'உண்மைச் சம்பவம்' என்று போடவேண்டாம் என்று முன்னர் சொன்னதும் இதனால்தான். உண்மைச் சம்பவங்களுக்கே இங்கு இன்னும் விசாரணை முடியவில்லை.

திருவிழாவிலோ பொது மைதானத்திலோ போடாதீர்கள். மண்டபத்துக்குள், வளர்ந்தவர்களுக்கு மட்டும், என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். எழும்பிப் போக விரும்புகிறவருக்குக் கதவு திறந்திருக்கட்டும். பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சபையின் சான்றிதழும் தேவை. யூடியூப்பில் போட்டால் வயதுக் கட்டுப்பாட்டை நீங்களே போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில இறைச்சிக்கு என்னத்தை வைக்கிறது?

பிஞ்சுப் பலாக்காய். பெரிய துண்டாக வெட்டி அவித்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் கமராவுக்கு நார் நாராக இறைச்சி போலவே தெரியும். மாட்டிறைச்சி தின்னாதவர், ஹலால் பார்ப்பவர், விரதம் இருப்பவர் என்று குழுவில் எல்லாரும் இருப்பார்கள், எல்லாருக்கும் அது சரிவரும். காட்சியைப் பல கோணத்தில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிவரும், ஆகவே ஒரு பெரிய சட்டி நிறையச் சமைத்துக்கொண்டு போங்கள்.